ஜலாலுதீன் சாப்பிடாத சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை, பலதுறை மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கக் கணவரின் வரிசை எண் வருவதற்காகக் காத்திருந்தபோது, சந்திரமதி தன் குரலையே கேட்டாள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கைப்பேசியிலிருந்து அது வந்தது. "ஜலால் தம்பி இன்னைக்கு வந்தாரு. இலையத் தொடவே இல்ல. பெரிய ஆளாயிட்டாரு." அவ்வளவுதான். பத்து விநாடிகூட இருக்காது.

"கேட்டியா, கோயில்ல வேலை செய்யறவங்களே சொல்றாங்க. நம்ம சாப்பாடுன்னா அவங்களுக்கு ஆகாது போல," என்றாள் அந்தப் பெண்.

"ஓட்டு மட்டும் ஆகும் லா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதை இன்னும் யாருக்கோ அனுப்பினார்கள்.

கணவர் அழகேசன் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "உன் குரல் மாதிரி இருக்கே."

"என் குரல்தான்," என்றாள் சந்திரமதி.

காய்கறிக் கூடையின் அடியில் கைவிட்டுத் துழாவும்போது அழுகிப்போன பூசணிக்குள் விரல் போய்விடும் அல்லவா, அப்படி இருந்தது அவளுக்கு.

தேக்காவை ஒட்டிய ஒரு கோயிலில் சனிக்கிழமைதோறும் அன்னதானம். அங்கே காய் நறுக்கும் பெண்களில் சந்திரமதி மூத்தவள். அறுபத்திரண்டு வயது. புக்கிட் பாஞ்சாங்கையும் தாண்டியிருக்கும் தன் வீட்டிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறி, காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் ஜலாலுதீனும் வருவார். டன்லப் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஓரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஐம்பது அறுபது பொட்டலங்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். ஆறு வருடங்களாக அப்படித்தான். பொட்டலம் கட்டி முடியும் வரை முதல் பந்தியில் உட்கார்ந்து அவரும் சாப்பிடுவார். கோயிலில் ஒரு முஸ்லிம் வந்து சாப்பிடுவதை அதுவரை யாரும் ஒரு செய்தியாக நினைத்ததில்லை.

இந்தத் தேர்தலில் அவர் வேட்பாளர். சந்திரமதியும் அன்னதானக் குழுவில் பலரும் வசிக்கும் தொகுதியில் இரண்டு அணிகள் போட்டியிட்டன; ஆளுக்கு அல்ல, அணிக்கே ஓட்டு. ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இந்தியர். ஓர் அணியில் ஜலாலுதீன். மற்றதில் செல்வராஜ் என்ற வழக்கறிஞர். ஆகவே அந்தத் தொகுதியின் தமிழர்கள் அணிகளைப் பார்ப்பதற்கு முன் இந்த இருவரைப் பார்த்தார்கள். இருவரையும் பார்ப்பதற்கு முன் அவர்களுடைய நெற்றியைப் பார்த்தார்கள்.

போன சனிக்கிழமை அவர் கட்சிச் சட்டை போடாமல், எப்போதும் போலக் கட்டம் போட்ட சட்டையில்தான் வந்தார். ஆனால் சுற்றிலும் கைப்பேசிகள் நீண்டன. அன்னதானக் குழுவை நடத்தும் வைஷாலி இலையைப் போட்டு, "இங்க உக்காருங்கண்ணே," என்றாள். அவர் நின்றபடியே, "இன்னைக்கு வேணாம்மா. வேன எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நோன்பாக இருக்குமோ என்று சந்திரமதிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நோன்புப் பெருநாள் முடிந்து நான்கு வாரமாகிவிட்டது. பெருநாளுக்கு அவர் மனைவி கதீஜா அனுப்பிய வட்டலப்பம் இனிப்பு வந்த பாத்திரம்கூட இன்னும் அவள் வீட்டில்தான் இருந்தது. நோன்பு முடிந்த பிறகு என்ன நோன்பு? மனசு கொஞ்சம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தோடுதான் அன்று மாலை, முப்பத்து நான்கு பேர் இருக்கும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாகப் பேசி அனுப்பினாள்.

"ஜலால் தம்பி இன்னைக்கு வந்தாரு. எப்பவும் ரசத்த ரெண்டு தடவ கேட்டு வாங்கற மனுஷன், இன்னைக்கு இலையத் தொடவே இல்ல. போஸ்டர்ல மொகம் வந்ததும் பெரிய ஆளாயிட்டாரு. அடுத்த மாசம் வரட்டும், நானே உக்கார வச்சு ஊட்டி விடறேன்."

சிரிக்கும் மஞ்சள் முகங்கள் பதினைந்து இருபது வந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை, பிடித்திருந்தது.

யாரோ ரசத்தை வெட்டியிருந்தார்கள். ஊட்டிவிடுவதையும் வெட்டியிருந்தார்கள். மிச்சத்தோடு வெறும் இலையின் படத்தைச் சேர்த்து, 'நம் சாமி சாப்பாட்டைத் தொடாதவருக்கு நம் ஓட்டா?' என்று மேலே எழுதி ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

மருந்தகத்தின் வாசலிலிருந்தே அவள் வைஷாலியை அழைத்தாள். வைஷாலி துணைப்பாட வகுப்புகள் நடத்துபவள். எதையும் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொல்வாள்.

"யாரு வெட்டினது வைஷாலி?"

"தெரியலக்கா. யாரோ ஷார்ட்டா போட்டிருக்காங்க. நீளமா இருந்தா இப்பல்லாம் யாரு கேக்கறா?"

"நான் சொன்னது இது இல்லையே."

"சரி, இதுல பொய் என்ன இருக்கு, சொல்லுங்க. அவரு இலையத் தொட்டாரா?"

"தொடல."

"அப்ப? நீங்க பாத்தத நீங்க சொன்னீங்க. அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க சாமி கும்பிடாம ஒரு காரியம் தொடங்குவீங்களா? மாட்டீங்க. அப்ப ஒருத்தர் யாரக் கும்பிடறாருன்னு பாக்காம அவர எப்படி நம்பறது? செல்வராஜ் அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவரு. இதச் சொன்னா நம்மள ரேசிஸ்ட்டுங்கறாங்க."

சந்திரமதியும் பக்தியுள்ளவர்களைத்தான் நம்புவாள். கடவுளுக்குப் பயப்படுகிறவன் மனிதனுக்குக் கெடுதல் செய்ய யோசிப்பான் என்பது அவள் வாழ்நாள் நம்பிக்கை. ஆனால் வைஷாலி அதையே சொன்னபோது, தன் வீட்டுச் சாமான் ஒன்றை வேறு யாரோ எடுத்து எதையோ துடைத்துவிட்டு நீட்டுவது போல இருந்தது.

அன்று மத்தியானமே அழகேசனை வீட்டில் விட்டுவிட்டு டன்லப் தெருவுக்குப் போனாள்.

கடையில் கதீஜா மட்டும் இருந்தாள். "வாங்கக்கா," என்றாள். உட்காரச் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து மேசை மீது வைத்தாள். "கேட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க?"

"கேட்டேன்மா. அது என் குரல்தான். ஆனா..."

"இதப் பாருங்க, இது எங்க பக்கத்திலேருந்து." கதீஜா இன்னொரு செய்தியைத் திறந்தாள். ஏதோ பழைய மாதத்தில் எடுத்த படம். ஜலாலுதீன் கோயில் மண்டபத்தில் இலைக்கு முன் உட்கார்ந்து ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். கீழே, 'கோயில் சோறு தின்பவரா நம் சமூகத்தின் பிரதிநிதி?' என்று எழுதியிருந்தது. "ஒருத்தரு தின்னதுக்கு அடிக்கிறாங்க. ஒருத்தரு திங்காததுக்கு அடிக்கிறாங்க. ரெண்டும் ஒரே இலை. எனக்குப் போனத் தொடவே அருவருப்பா இருக்குக்கா."

"தம்பி ஏம்மா அன்னைக்குச் சாப்பிடல?"

கதீஜா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "ஆறு நோன்பு. பெருநாளுக்கு அப்புறம், அந்த மாசம் முடியறதுக்குள்ள ஆறு நாள் வைக்கறது. தேர்தல் அலைச்சல்ல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்து, கடைசியில ரெண்டு பாக்கி. அதுல ஒண்ணு அந்தச் சனிக்கிழமை."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"கடமையான நோன்புன்னா எல்லாருக்கும் தெரியும். இது அவங்களா விரும்பி வைக்கறது. வெளிய சொல்லிக்க மாட்டாங்க. எங்க பிள்ளைகளுக்கே தெரியாது. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுச் சோறு வச்சேன் பாருங்க, அதனால எனக்குத் தெரியும்."

சந்திரமதிக்கு மூச்சு வந்தது போல இருந்தது. வெட்கமும் வந்தது, ஆனால் வழி தெரிந்துவிட்ட நிம்மதியும் இருந்தது. "அவ்வளவுதானே. நான் இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன். நோன்புன்னு தெரிஞ்சா நம்ம ஜனங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க."

அப்போதுதான் ஜலாலுதீன் உள்ளே வந்தார். கட்சிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. கூடவே ரமீஸ் என்பவன் வந்தான்; பிரசாரத்தில் படம், காணொளி எல்லாம் அவன் பொறுப்பு. சந்திரமதி சொன்னதைக் கேட்டதும் ரமீஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்க்கா. இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அண்ணே, இந்துக்கா, கோயில் அக்கா, நம்ம நோன்பப் பத்திப் பேசறாங்க. ஒரு நிமிஷ வீடியோ போதும். பின்னால கோபுரம் தெரியற மாதிரி நிக்க வச்சுடலாம். அக்கா, விபூதி எப்பவும் இவ்வளவுதான் வைப்பீங்களா? கேமராவுல தெரியாது. கொஞ்சம் பட்டையா வச்சுக்குங்க. கண்ணு கலங்கினா இன்னும் நல்லது."

காலையில் மருந்தகத்தில் தோன்றிய அந்த அழுகிய பூசணி மறுபடியும் விரலில் பட்டது போல இருந்தது. அந்தப் பெண்களும் இவனும் ஒரே கூடையில்தான் கையை விடுகிறார்கள். தன் கையும் அதே கூடையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ரமீஸ், நீ போய் வேன்ல இரு," என்றார் ஜலாலுதீன்.

"அண்ணே, நாள் இல்லண்ணே. வியாழக்கிழமையோட பிரசாரம் முடிஞ்சுடும்."

"போய் இரு."

அவன் போனதும் ஜலாலுதீன் நாற்காலியை இழுத்துச் சந்திரமதியை உட்காரச் சொன்னார். "அக்கா, நோன்பப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதீங்க. அத நான் ஓட்டுக்கு வைக்கல."

"அப்ப இத எப்படித் தம்பி சரி பண்றது? என் குரல்ல போயிக்கிட்டிருக்கு."

"தெரியலக்கா," என்றார் அவர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது. "சாப்பிடலன்னு ஒருத்தர் ஓட்டுப் போட மாட்டேங்கறார். நோன்புன்னு தெரிஞ்சா இன்னொருத்தர் போடுவார். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நாலு நாளா வீடு வீடாப் போறேன். நேத்து ஒரு அம்மா கதவுக்குப் பின்னாலேருந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்க வீட்டுல நாயத் தொடுவீங்களா'ன்னு. நாங்க கொண்டு வரப் போற பஸ்ஸப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல."

பேசிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தவர், "கண்ணாடி சரியுதே," என்று கையை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுத்தாள். மேசையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு பக்கமும் முடுக்கி, சட்டைத் துணியால் அல்லாமல் அதற்கென்று வைத்திருந்த துணியை எடுத்துத் துடைத்து, மாட்டிப் பார்க்கச் சொன்னார். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டார். அழகேசனின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். பிறகு வேன் ஒலி எழுப்பியதும் எழுந்து போய்விட்டார்.

புதனும் வியாழனும் சந்திரமதி எதுவும் செய்யவில்லை. "விட்டுடு. சனிக்கிழமை ஓட்டோட எல்லாம் முடிஞ்சுடும்," என்றார் அழகேசன். பூஜையறையில் விளக்கேற்றி உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை. கண்ணை மூடினால் தன் குரல்தான் கேட்டது. அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை அவள் இப்போது தெளிவாகக் கேட்டாள். வெட்டியவர்கள் அந்தச் சந்தோஷத்தைச் சேர்க்கவில்லை. அது அவளே போட்டது.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, கைப்பேசியை எடுத்துக் குழுவில் பேசினாள்.

"நான் சந்திரமதி. ஜலாலுதீனப் பத்திச் சுத்திக்கிட்டிருக்கற குரல் என்னோடது. அத வெட்டியிருக்காங்க. வெட்டாம இருந்தாலும் நான் பேசினது தப்பு. அவரு ஏன் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அது நமக்குத் தேவையில்லாத விஷயம். அவரு யாரக் கும்பிடறாரு, எங்க சாப்பிடறாருன்னு பாத்து அவருக்கு ஓட்டுப் போடாம இருக்காதீங்க. அதப் பாத்துப் போடவும் போடாதீங்க. பழசை யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இதையும் அனுப்பிடுங்க."

இரண்டு நிமிடத்தில் அது குழுவிலிருந்து மறைந்தது. வைஷாலி அழித்திருந்தாள். உடனே அழைப்பும் வந்தது.

"அக்கா, இன்னைக்குக் கூலிங் ஆஃப் டே. ஓட்டுக்கு முந்தின நாள் பிரசாரம் பண்ணக் கூடாது. தெரியாதா? குரூப்புக்கே கேஸாயிடும்."

"நான் பிரசாரம் பண்ணலையே. நான் சொன்ன பொய்யத் திருத்தறேன்."

"அதெல்லாம் அவங்க பாக்க மாட்டாங்க லா. இன்னைக்கு அமைதியா இருக்கணும், அவ்வளவுதான்."

"சரி. அப்ப பழசையும் அழிச்சுடு."

"அது முன்னாடியே வந்ததுக்கா. அதுல ஒண்ணும் பிரச்சனையில்ல."

வைஷாலி குரலை உயர்த்தவே இல்லை. சட்டத்தை மதிக்கும் நல்ல பெண்ணின் குரல் அது. கொஞ்ச நேரத்தில் குழுவில் இனி நிர்வாகி மட்டுமே பதிவிடலாம் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு மேலே வெறும் இலையின் படம் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அன்று காலை யாரோ அனுப்பியிருந்த அம்மன் படம். அம்மனின் கண்ணைப் பார்க்கச் சந்திரமதிக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் ஒரு தாளை எடுத்துக் குழுவிலிருந்த பெயர்களை எழுதினாள். ஒவ்வொருவராக அழைத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வாக்கியங்கள். சிலர் எடுக்கவில்லை. ஒருத்தி, "அந்தக் கடையில உங்களுக்குக் கண்ணாடி ஓசியாக்கா?" என்று கேட்டாள். சிவானி என்ற பெண், சந்திரமதிக்குப் பக்கத்திலேயே நின்று காய் நறுக்குபவள், "காரணத்தச் சொல்ல மாட்டேங்கறீங்க, அப்புறம் எப்படி நம்பச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். சந்திரமதியின் நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது. 'நோன்பு' என்று ஒரு சொல் சொன்னால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரப்பும் துரைசாமி மட்டும், "எனக்கும் வந்துச்சும்மா. நான் யாருக்கும் அனுப்பல. எனக்கு அனுப்பத் தெரியாது," என்றார். அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான்.

மாலையில் தொண்டை வறண்டு உட்கார்ந்தபோது, கதவருகே கிடந்த தேர்தல் தாள்கள் கண்ணில் பட்டன. இரண்டு அணிகளுடையதும் ஒரு வாரமாக அங்கேயே கிடந்தன. ஒன்றின் மீது அழகேசன் செருப்பை வைத்திருந்தார். இந்த ஒன்பது நாளில் அவற்றை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதன் சாப்பிட்டானா இல்லையா என்பதிலேயே ஒரு தொகுதியின் தேர்தல் போய்விட்டது. அவளுடைய தேர்தலும் அதிலேயே போய்விட்டது. தாளைத் தட்டி எடுத்து, விளக்கைப் போட்டு, இரண்டையும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஜலாலுதீனின் அணி பேருந்துத் தடங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தது. மற்ற அணி, நடக்க முடியாதவர்களுக்கு அருகிலேயே ஒரு மருந்தகம் கேட்டுப் போராடப்போவதாகச் சொல்லியிருந்தது. அழகேசன் பக்கத்து அறையில் முனகிக்கொண்டே காலை நீட்டுவது கேட்டது.

சனிக்கிழமை காலை வாக்குச்சீட்டின் முன் நின்றபோது, ஜலாலுதீனின் படத்தைப் பார்த்ததும் கை தானாக அங்கே போயிற்று. இதில் ஒரு முத்திரை வைத்தால் போதும், செய்த பாவம் கழுவப்பட்டுவிடும் என்று தோன்றியது. உடனே அதுவும் அருவருப்பாக இருந்தது. தன் பாவத்தைக் கழுவ அவரையா துணியாக எடுப்பது? அவள் மற்ற அணியின் கட்டத்தில் முத்திரையை வைத்தாள். மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஜலாலுதீனின் அணி ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் வைஷாலி குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். ஜலாலுதீன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ரசம் வாங்கும் படம். கதீஜா காட்டிய அதே படம்தான். 'நம் ஆலயத்தின் அன்பர், நம் நாடாளுமன்ற உறுப்பினர்! எல்லா மதமும் சம்மதம்!' என்று எழுதி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்திருந்தாள். குழுவில் எல்லோரும் பதிவிடலாம் என்று திறந்தும் விட்டிருந்தாள். கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. வெறும் இலையை அனுப்பியவர்களும் கைகூப்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை சந்திரமதி வழக்கம் போல ஆறரைக்குப் போனாள். நறுக்கும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கத்தியைக் கழுவி எடுத்து, கேரட்டை இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

வைஷாலி ஒரு தாளோடு வந்தாள். "அக்கா, நல்ல வேளை வந்தீங்க. மாசக் கடைசியில ஜலால் அண்ணன் வருவாருல்ல, மாலை போட்டு மரியாதை செய்யணும். உங்களுக்குத்தான் நல்ல பழக்கம். நீங்க கூப்பிட்டா மறுக்க மாட்டாரு. இலை போட்டு நீங்களே பரிமாறுங்க, நான் வீடியோ எடுத்துக்கறேன்."

"அவரு யாரக் கும்பிடறாருன்னு விசாரிச்சுட்டியா?" என்றாள் சந்திரமதி.

யாரோ தும்மலைப் போலச் சிரிப்பை அடக்கினார்கள். வைஷாலியின் முகம் சிவந்தது. "தேர்தல்னா ஆயிரம் இருக்கும்க்கா. அதான் முடிஞ்சுதே. கடைசியில நாம எல்லாரும் அவருக்குத்தானே போட்டோம். நீங்களும்தானே?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"நான் அவருக்குப் போடல. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி முடியல. மருந்தகம் பக்கத்துல வரணும்னு அவங்களுக்குப் போட்டேன்."

கத்திகள் நின்றன. வைஷாலி உண்மையாகவே குழம்பிப் போய் அவளைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குக்கா அன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் போன் போட்டு அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"நான் பேசினது வைஷாலி. வேற யாரு வந்து திருத்துவாங்க?"

வைஷாலி தாளை மடித்துக்கொண்டாள். பிறகு பூக்காரரிடம் மாலைக்குச் சொல்ல வேண்டும் என்று போய்விட்டாள். மேசையில் மறுபடியும் கத்திச் சத்தம் தொடங்கியது. யாரும் சந்திரமதியிடம் பேசவில்லை.

ஒரு கூடை முடிந்து அடுத்த கூடையைத் திறக்கும்போது, பக்கத்தில் நின்ற சிவானி தலையை நிமிர்த்தாமல், "அக்கா, நீங்க வெள்ளிக்கிழமை குரூப்புல பேசினீங்களே, அது இருக்கா?" என்று கேட்டாள்.

"அதான் அழிச்சுட்டாங்களே."

"திரும்ப ஒரு தடவ பேசி எனக்கு மட்டும் அனுப்புவீங்களா? பழச நான் எங்க மாமியாருக்கு அனுப்பினேன். எங்க அண்ணிக்கும். அவங்க இன்னும் யாருக்கெல்லாம் அனுப்பினாங்களோ." கேரட்டின் காம்பை வெட்டி ஒதுக்கினாள். "இப்ப அனுப்பி ஒண்ணும் ஆகப் போறதில்ல. இருந்தாலும் அனுப்பிடறேன்."

சந்திரமதி கையைத் துடைத்துக்கொண்டாள். மண்டபத்தில் பாத்திரச் சத்தம் அதிகமாக இருந்ததால், கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.